ரீபஸ் வரிசை 'மார்ட்டல் காசஸ்' நாவல்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

இயன் ரேங்கின் எழுதுன இன்ஸ்பெக்டர் ரீபஸ் வரிசைல ஆறாவது நாவல் 'மார்ட்டல் காசஸ்', 1994ல வந்தது. ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோவுல ஆகஸ்ட் மாச திருவிழா, ஊர் பூரா நாடகம் பாட்டு கூட்டம், அந்த நேரத்துல நகரத்துக்கு அடியில புதைஞ்சு கெடக்குற ஒரு பழைய தெருவுல ஒரு இளைஞனை சித்திரவதை பண்ணி சுட்டுப் போட்டிருக்காங்க. அங்க தொடங்கி தீவிரவாத குழு, ஆயுதக் கடத்தல், தாதா குடும்பம்னு கதை விரியும். எனக்கு ரொம்ப நெருக்கமான நாவல், அதனால எவ்ளோ வேணா கேளுங்க. கொலைகாரன் யாருன்னு மட்டும் கேக்காதீங்க, இன்னும் படிக்காதவங்க நெறைய பேர் இருக்காங்க.

நெல்லை வாசகன்: அக்கா, பொணம் கெடைக்குற அந்த மேரி கிங்ஸ் க்ளோஸ் உண்மையிலேயே இருக்கா, இல்ல எழுத்தாளரோட கற்பனையா?

நூத்துக்கு நூறு உண்மை தம்பி. எடின்பரோவோட பழைய நகரம் ஒரு நீளமான மேட்டு முதுகுல உக்காந்திருக்கு, நடுவுல ராயல் மைல் பெரிய தெரு, அதுல இருந்து ரெண்டு பக்கமும் சரிவா இறங்குற சந்துங்களைத்தான் க்ளோஸ்னு சொல்வாங்க. மேரி கிங்ங்கிறது 1630கள்ல அங்க குடியிருந்த ஒரு விதவை, துணி வியாபாரம் பண்ணவங்க, ஒரு பொம்பளை பேர்ல தெரு இருக்குறதே அந்தக் காலத்துல அபூர்வம். 1753ல அந்த எடத்துல ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்ட ஆரம்பிச்சப்போ வீடுங்களோட மேல் மாடிய மட்டும் இடிச்சுட்டு கீழ்ப்பகுதிய அப்படியே அஸ்திவாரமா வச்சு மேல கட்டிட்டாங்க. அந்தக் கட்டடம்தான் இப்போ சிட்டி சேம்பர்ஸ், அதாவது மாநகராட்சி. முழுசா மூடாத பகுதில அதுக்கு அப்புறமும் ஆளுங்க தொழில் பண்ணிட்டுத்தான் இருந்தாங்க, கடைசியா இருந்த ரம்பம் செய்யுறவர் கெளம்புனது 1902ல.

இத நாவலோட சேத்துப் பாருங்க. நகரத்தை ஆளுறவங்க மேல உக்காந்து கூட்டம் நடத்துறாங்க, அவங்க காலுக்கு நேர் கீழ ஒரு பையனைக் கட்டித் தொங்கவிட்டு சுடுறாங்க, வெளிய தெருவுல திருவிழா சத்தம், துப்பாக்கிச் சத்தம் யாருக்கும் கேக்கல. ரேங்கின் இந்த எடத்தைத் தேர்ந்தெடுத்ததுலயே பாதி நாவல் முடிஞ்சுடுச்சுன்னு நான் சொல்வேன். 2003லதான் அத சுற்றுலா எடமா பெருசா தெறந்தாங்க, நாவல் வந்தப்போ பல பேருக்கு அப்படி ஒரு எடம் இருக்குறதே தெரியாது.

கார்த்திகா: நான் எங்கயோ படிச்சேன், அந்தத் தெருவுல ப்ளேக் வந்தப்போ நோயாளிங்களை உள்ள வச்சு செவரு எழுப்பி உயிரோட சாகவிட்டாங்களாமே?

இல்லவே இல்ல. இந்தக் கதை பல வருஷமா சுத்திட்டு இருக்கு, தயவுசெஞ்சு இனிமே பரப்பாதீங்க. 1645ல எடின்பரோவுல ப்ளேக் வந்தது உண்மை, பக்கத்து துறைமுகம் லீத்ல பாதி சனம் செத்துப் போச்சு. ஆனா நோய் வந்த வீட்டுக்கு வெளிய சன்னல்ல வெள்ளைத் துணி கட்டச் சொன்னாங்க, சாப்பாடும் கரியும் கொண்டு வந்து குடுத்தாங்க, நடக்க முடிஞ்சவங்களை ஊருக்கு வெளிய இருக்குற மைதானத்துல குடிசை போட்டுத் தங்க வச்சாங்க. ஜார்ஜ் ரேன்னு ஒரு ப்ளேக் டாக்டர், அவருக்கு முன்னாடி இருந்த டாக்டர் அதே நோய்ல செத்துட்டதால யாரும் வரமாட்டாங்கன்னு சம்பளத்தை ஏத்திக்கிட்டே போய் இவரை வச்சாங்க, இவரு பொழச்சுக்கிட்டாரு, பேசுன சம்பளத்தைத்தான் ஒழுங்கா குடுக்கல, வருஷக்கணக்கா அலையவிட்டாங்க. செவரு கதைய விட இந்த உண்மைக் கதை எவ்வளவோ நல்லா இருக்கு பாருங்க.

புக்வெறியன்: பிடிஎஃப் இருக்கா மேடம்?

கெடையாது. நூலகத்துல கேளுங்க, பழைய புத்தகக் கடைல ரீபஸ் நெறைய கெடைக்கும்.

ஸ்டீபன்: செத்தவன் ஒடம்புல ஆறு குண்டு, அத 'சிக்ஸ் பேக்'னு சொல்றாங்க. அது என்ன கணக்கு?

ரெண்டு முட்டி, ரெண்டு கணுக்கால், ரெண்டு முழங்கை. வட அயர்லாந்து கலவர காலத்துல ஆயுதக் குழுக்கள் தங்களோட ஏரியால குடுத்த தண்டனை இது. திருடுனான், போதை மருந்து வித்தான், போலீசுக்குத் துப்பு சொன்னான்னு ஒரு குத்தம் சாட்டி சுடுவாங்க, பெரும்பாலும் சாகடிக்க இல்ல, வாழ்நாள் பூரா நொண்டியா நடக்க வைக்கத்தான். ரீபஸ் பழைய ராணுவ ஆள், வட அயர்லாந்துல பணியில இருந்தவரு, அதனால பொணத்தைப் பாத்ததும் இது சாதாரண ரவுடிக் கொலை இல்லன்னு அவருக்குப் புரியுது.

மணி_சேலம்: அப்போ இது ஐ.ஆர்.ஏ பத்துன நாவல்னு சொல்லலாமா?

சொல்லக்கூடாது. ஐ.ஆர்.ஏங்கிறது வட அயர்லாந்தை பிரிட்டன்ல இருந்து பிரிச்சு அயர்லாந்தோட சேக்கணும்னு ஆயுதம் எடுத்த குழு. கதை திரும்புற பக்கம் வேற, ஐ.ஆர்.ஏவுக்கு எதிர்ப்பக்கம், பிரிட்டனுக்கு விசுவாசமா அதோடயே இருக்கணும்னு நின்ன ப்ராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுக்களோட உலகம். இதுக்கு மேல சொன்னா கதை வெளிய வந்துடும்.

பூங்குழலி: எந்த வரிசைல படிக்கணும்? நேரா இதையே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி 'தி ப்ளாக் புக்' (1993) படிச்சுட்டு வந்தீங்கன்னா ரொம்ப நல்லது. தாதா கஃபர்ட்டிக்கும் ரீபஸுக்கும் நடுவுல இருக்குற பகைய அதுலதான் முழுசா கட்டி எழுப்புறாரு, ரீபஸோட சக போலீஸ் ஷிவோன் க்ளார்க் அறிமுகமாகுறதும் அதுலதான். 'மார்ட்டல் காசஸ்'ல செத்தவன் கஃபர்ட்டியோட மகன்னு கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சுடும், அப்போ ஜெயில்ல இருக்குற அந்த அப்பனுக்கும் அவனை உள்ள தள்ளுன ரீபஸுக்கும் நடக்குற பேச்செல்லாம் முன்கதை தெரிஞ்சாத்தான் நெஞ்சுல இறங்கும். முதல் நாவல் 'நாட்ஸ் அண்ட் க்ராஸஸ்' 1987, அதை மெதுவா படிச்சுக்கலாம்.

கடைசி பெஞ்ச்: ஐ.ஆர்.ஏ தானே முட்டில சுடும், உலகத்துக்கே தெரியும். நீங்க எதிர்ப்பக்கம்னு சொல்றது சரியில்ல.

ரெண்டு பக்கமும் சுட்டாங்க. கத்தோலிக்க ஏரியால ஐ.ஆர்.ஏ, ப்ராட்டஸ்டன்ட் ஏரியால அவங்களோட ஆயுதக் குழுக்களான யூ.வி.எஃப்., யூ.டி.ஏ. எல்லாம் பதிவாகியிருக்குற விஷயம்.

கடைசி பெஞ்ச்: சரி, ஆனா கதை நடக்குறது ஸ்காட்லாந்துல. அங்க அந்த ஆளுங்க எங்க இருந்தாங்க? எழுத்தாளர் விறுவிறுப்புக்காக இழுத்துட்டு வந்திருக்காரு.

இதுக்கு விரிவாவே சொல்றேன், ஏன்னா இது புரியலன்னா நாவலே புரியாது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவுல ரொம்பக் குறுகுற எடத்துல கடல் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்தான். 1609ல இருந்து அல்ஸ்டர்ங்கிற அயர்லாந்தோட வடக்குப் பகுதில நடந்த குடியேற்றத்துல ஸ்காட்லாந்து ப்ரெஸ்பிட்டேரியன் (ப்ராட்டஸ்டன்ட்ல ஒரு பிரிவு) குடும்பங்கள் ஆயிரக்கணக்குல அங்க போய் நெலம் பிடிச்சு உக்காந்தாங்க, பின்னாடி 1840கள் பஞ்சத்துல அயர்லாந்து கத்தோலிக்க ஏழைங்க வேலை தேடி ஸ்காட்லாந்துக்கு வந்தாங்க. ஆரஞ்ச் ஆர்டர்ங்கிற ப்ராட்டஸ்டன்ட் சங்கம் 1795ல அயர்லாந்துல ஆரம்பிச்சது, 1798 கலகத்தை அடக்கப் போன ஸ்காட்லாந்து சிப்பாய்ங்க திரும்பி வரும்போது அதைக் கூடவே கொண்டு வந்தாங்க, இன்னிக்கும் மேற்கு ஸ்காட்லாந்துல ஜூலைல மேளம் புல்லாங்குழலோட அந்த ஊர்வலம் போகுது. கால்பந்துலயும் அதே பிளவு, க்ளாஸ்கோவுல கத்தோலிக்கர் பக்கம் செல்டிக், ப்ராட்டஸ்டன்ட் பக்கம் ரேஞ்சர்ஸ், எடின்பரோவுல 1875ல அயர்லாந்துக்காரங்க ஆரம்பிச்ச ஹிப்ஸ், அதுக்கு எதிரா ஹார்ட்ஸ்.

ஆயுதம் எங்கன்னு கேப்பீங்க. 1979 பிப்ரவரில க்ளாஸ்கோவுல ரெண்டு பார்ல குண்டு வெடிச்சது, ரெண்டும் கத்தோலிக்கர்கள் போற பார், வச்சவங்க ஸ்காட்லாந்து யூ.வி.எஃப் ஆளுங்க, ஒரு கும்பலே ஜெயிலுக்குப் போச்சு. இங்கிலாந்துல அத்தனை குண்டு வச்ச ஐ.ஆர்.ஏ ஸ்காட்லாந்துல அந்த மாதிரி ஒரு குண்டுவெடிப்புத் தொடரே நடத்தல. இப்போ சொல்லுங்க, யார் யாரை இழுத்துட்டு வந்தது?

வெற்றி: நடுவுல வர்றேன். எந்தப் பக்கமா இருந்தா என்ன, தீவிரவாதம் தீவிரவாதம்தானே? ஒரு த்ரில்லர்ல இதெல்லாம் பாக்கணுமா?

பாக்கணும் வெற்றி, கண்டிப்பா பாக்கணும். வில்லன் ஐ.ஆர்.ஏவா இருந்தா எடின்பரோ வாசகன் சௌகரியமா உக்காந்து படிப்பான், கெட்டவன் கடல் தாண்டி வந்தான், நம்ம இன்ஸ்பெக்டர் பிடிச்சாருன்னு. ரேங்கின் அந்த சௌகரியத்தைக் குடுக்கல. வெறுப்பு உள்ளூர்லயே வளந்தது, தாத்தா காலத்துப் பாட்டுல இருந்து, மைதானத்துல கத்துற கோஷத்துல இருந்து, வேலை இல்லாத பசங்க சுத்துற குடியிருப்புல இருந்து. கதை நடுவுல ரீபஸ் வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்டுக்குப் போயிட்டு வருவாரு, ஆனா விடை அங்க இல்ல, வீட்டுலயே இருக்கு. நான் இந்த நாவலைத் திரும்பத் திரும்ப எடுக்குறதுக்குக் காரணமே இதுதான்.

அது வந்த வருஷத்தையும் பாருங்க, 1994. ஆகஸ்ட் 31ல ஐ.ஆர்.ஏ போர்நிறுத்தம், அக்டோபர்ல எதிர்ப்பக்கத்துக் குழுக்களும் நிறுத்துனாங்க, சமாதான ஒப்பந்தம் 1998ல. துப்பாக்கிய எப்போ கீழ வைப்பாங்கன்னு எல்லாரும் பாத்துட்டு இருந்த நேரத்துல, வைக்க மனசில்லாதவன் என்ன செய்வான்னு இந்த நாவல் கேட்டுச்சு.

கடைசி பெஞ்ச்: அப்போ கதைல வர்ற 'ஸ்வார்ட் அண்ட் ஷீல்ட்' குழு உண்மையான குழுவா?

அது ரேங்கினோட கற்பனை. செத்தவன் ஒடம்புல பச்சை குத்தியிருக்குறது அந்தப் பேரோட எழுத்துங்கதான், விசாரணையோட நூல் அங்கதான் ஆரம்பிக்குது. நெஜக் குழுக்கள் கதைக்குப் பின்னால நிக்குது, முன்னால நடிக்குறது கற்பனைக் குழு, அதனால அவருக்கு எழுத சுதந்திரம் கெடைச்சது. 1979 வெடிகுண்டைப் பத்திப் படிச்சுட்டு நாவலை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க தம்பி, கேட்டது நல்ல கேள்வி.

ரம்யா: நாவல்ல வர்ற கார்-பி குடியிருப்பு மேப்ல எங்க இருக்கு? தேடித் தேடி கெடைக்கல.

கெடைக்காது, கார்-பின்னு சுருக்கிச் சொல்ற கரிபால்டி எஸ்டேட்டும் அது இருக்குற பில்மியூரும் கற்பனை. நெஜமா வாழுற சனங்க மேல பழி விழக்கூடாதுன்னா அப்படித்தான் எழுதணும். மத்தபடி ரீபஸ் குடியிருக்குற அர்டன் தெரு, அவர் குடிக்கப் போற ஆக்ஸ்ஃபோர்ட் பார், வேலை பாக்குற செயின்ட் லெனார்ட்ஸ் போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் உண்மை, ரேங்கினே அர்டன் தெருவுல குடியிருந்தவருதான்.

ஆனந்த்: டிவில வந்துச்சா?

வந்துச்சு. ஜான் ஹன்னா ரீபஸா நடிச்ச தொடர்ல இதையும் எடுத்தாங்க, ஆனா 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் தீவிரவாதக் கதைங்கிறதால தள்ளிப்போட்டு 2004லதான் ஒளிபரப்புனாங்க. முதல்ல நாவலைப் படிங்க.

மதன்: அக்கா கொலைகாரன் அந்த பாதிரியாரா?

மேல எழுதியிருக்கேன். பதில் கெடையாது.

ஜெயந்தி: எனக்கு ரொம்ப நாள் சந்தேகம், ரீபஸ் கதைகள்ல விசாரிக்கப் போகும்போது எப்பவும் ரெண்டு போலீஸா போறாங்களே, ஒருத்தர் போனா போதாதா?

அருமையான கேள்வி, இத யாருமே கேக்கமாட்டாங்க. ஸ்காட்லாந்து சட்டம் இங்கிலாந்து சட்டத்துல இருந்து தனி. குத்தத்தோட முக்கியமான அம்சத்தை நிரூபிக்க ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத ரெண்டு ஆதாரம் வேணும்ங்கிறது அங்க பழைய விதி, அதனால வாக்குமூலம் வாங்கப் போனாலும் தடயம் எடுத்தாலும் கூட ஒருத்தர் பாத்திருந்தாத்தான் கோர்ட்ல நிக்கும். ரீபஸ் தனியா கெளம்பிப் போய் யாரையாச்சும் பேச வைக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு வழக்குக்கு உதவாமப் போற ஆபத்து இருக்கு, அதை மனசுல வச்சுட்டுப் படிச்சா அந்தக் காட்சிங்களோட அழுத்தமே வேற. இன்னும் சில வித்தியாசம் இருக்கு, கொலை வழக்குல விசாரணையை மேற்பார்வை பண்றது ப்ரொக்யூரேட்டர் ஃபிஸ்கல்னு ஒரு அரசு வக்கீல், இங்கிலாந்து மாதிரி சந்தேகமான மரணங்களை விசாரிக்குற கொரோனர்ங்கிற அதிகாரி கெடையாது, ஜூரில 15 பேர்.

விக்னேஷ்: ரீபஸ் வரிசைல அமெரிக்க அதிபர் புஷ் சைக்கிள்ல இருந்து விழுற சீன் எந்த புக்?

'தி நேமிங் ஆஃப் தி டெட்', 2006. 2005 ஜூலைல க்ளெனீகில்ஸ்ல ஜி8 மாநாடு நடந்தப்போ அமெரிக்க அதிபர் நெஜமாவே சைக்கிள்ல போய் ஒரு போலீஸ்காரர் மேல மோதி விழுந்தாரு, ரேங்கின் அதைக் கதைக்குள்ள கொண்டு வந்து ரீபஸைப் பக்கத்துல நிக்க வச்சுட்டாரு. மறுநாளே லண்டன் குண்டுவெடிப்பு, 52 பேர் செத்தாங்க, அதுவும் அந்த நாவல்ல வரும். தீவிரவாதத்தோட நிழல் விழுற ரீபஸ் நாவல் வேணும்னா இதுக்கு அடுத்து அதைத்தான் சொல்வேன்.

ஷெர்லாக்_ரசிகன்: ஷெர்லாக் ஹோம்ஸ் பெருசா ரீபஸ் பெருசா?

ஹோம்ஸை எழுதுன கானன் டாயில் பொறந்ததும் எடின்பரோதான், 1859ல. ஒப்பீடு எனக்கு வேணாம், ரெண்டையும் படிங்க.

தினேஷ்: இது ஐ.ஆர்.ஏ நாவலா?

மேல படிங்க தினேஷ். ரெண்டு பேருக்கு விரிவா பதில் சொல்லியாச்சு, மறுபடியும் எழுதமாட்டேன்.

சுபா: பிடிஎஃப்?

இல்ல.

கார்த்திகா: அடுத்த வருஷம் ஸ்காட்லாந்து போறேன் அக்கா, அந்தத் தெருவுக்குள்ள போகலாமா? எப்போ போனா நல்லது?

போகலாம், வழிகாட்டியோடதான் உள்ள விடுவாங்க, இஷ்டத்துக்கு சுத்த முடியாது. ஆகஸ்ட்ல போனா நாவல்ல இருக்குற அதே திருவிழாக் கூட்டம் கெடைக்கும், ஆனா டிக்கெட்டும் தங்குற எடமும் மாசக்கணக்கா முன்னாடியே போட்டுடணும், விலையும் ஏறிடும். நடக்க வசதியான செருப்பு போட்டுக்கோங்க, தரை சரிவு, படி ஜாஸ்தி, சில எடத்துல தலை இடிக்கும். உள்ள ஆனின்னு ஒரு குட்டிப் பொண்ணோட ஆவி கதை சொல்லி, பொம்மைங்க குவிஞ்சு கெடக்குற ரூம் காட்டுவாங்க, 1992ல ஒரு ஜப்பான் அம்மா வந்து ஆவியோட பேசுனதா சொன்னதுல இருந்து ஆரம்பிச்ச வழக்கம் அது. அந்த ரூம்ல ரொம்ப நேரம் செலவழிக்காதீங்க, தெரு சரிவா கீழ இறங்குற எடத்துல நின்னு ரெண்டு பக்கமும் இருக்குற வீட்டு வாசலைப் பாருங்க. வெளிய வந்ததும் ராயல் மைல்ல சிட்டி சேம்பர்ஸ் முன் வாசல்ல நின்னு பாத்தீங்கன்னா எதுக்கு மேல எது கட்டியிருக்குன்னு புரியும்.