தாலுகா நீதிமன்றத்தில் தொழில் தொடங்க: சட்ட மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஊருக்குத் திரும்பி முன்சீப் கோர்ட்டில் தொழில் செய்ய விருப்பம். இப்போதே எதைப் படிக்க வேண்டும்? – மாணவி, விருத்தாசலம்

நிலப் பதிவேடுகளை. சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பத்திரத்திலேயே தொடங்குங்கள். பத்திரத்தில் ஒரு ஏக்கர் என்றிருக்கும், பட்டாவில் 0.40.50 (ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர்) என்றிருக்கும். இரண்டும் ஒரே பரப்புதான் என்று பார்த்ததும் சொல்லத் தெரிய வேண்டும். ஓர் ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது. வழக்கு ஜெயிக்குமா? – சட்டக் கல்லூரி மாணவர் (ஊர் எழுதவில்லை)

சர்வே எண் இல்லை, மூலப் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அனுபவத்தில் இருப்பது யார் என்பதும் இல்லை. சட்டம் படிக்கிறவர் இப்படியா கேட்பது? பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்தின் சமயத்தில் பெயர் மாறிப்போன பட்டாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. மூலப் பத்திரத்தைப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

கல்லூரியில் எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழில் பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை) எழுதத் தனியாகப் பழக வேண்டுமா? – மாணவர், திண்டுக்கல்

கட்டாயம் பழக வேண்டும். ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டே திருத்தம் செய்து கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தாயிற்று. சாட்சி தமிழில்தான் பேசுகிறார். நம் கல்லூரிகளோ மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு மாதக்கணக்கில் ஆங்கில வாதத்தைப் பழக்குகின்றன. ஒரு சொத்து விவரத்தைத் தமிழில் எழுத ஒரு பிற்பகலைக்கூட ஒதுக்குவதில்லை. இது எனக்குத் தீராத மனக்குறை.

விளைவைச் சொல்கிறேன். ஜூனியர் ஒருவர் பழைய கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தை, அப்படியே பிராதில் இறக்குகிறார்: ‘வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே இன்னார் புஞ்சை.’ அந்த இன்னார் இறந்து பல ஆண்டாகிறது, புஞ்சை மனைகளாகிவிட்டது, வண்டிப்பாதை இருந்த இடத்தில் வேலி நிற்கிறது. நீதிமன்றம் இடத்தைப் பார்க்க அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு போய் நின்றால், பிராதில் உள்ள இடம் தரையில் இல்லை. தீர்ப்பு சாதகமாக வந்தாலும் நிறைவேற்ற மனுவில் சிக்கிக்கொள்ளும். சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு விவரம் வேண்டும் என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 3 கேட்கிறது. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அதே மாணவர்தான் இப்படி எழுதுகிறார். ஒத்தி (அனுபவத்தோடு கூடிய அடமானம்), குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்கு) மூன்றும் சட்டப்படி வெவ்வேறு உறவுகள். சாட்சி சொல்லும்போது அந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் குறுக்கு விசாரணை அங்கேயே வீணாகிவிடும். பிராது எழுதும் முன் இடத்தைப் போய்ப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுங்கள்.

சீனியரிடம் சம்பளம் கேட்பது மரியாதைக் குறைவா? – புதிய வழக்கறிஞர், சிவகங்கை

இல்லவே இல்லை. ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தாலுகாக்களில் பலருக்கு அது இன்னும் கிடைப்பதில்லை. சேரும் நாளிலேயே பேசிவிடுங்கள்.

படித்து முடித்ததும் நேராக உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதலாமா? – மாணவி, தருமபுரி

முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பின் மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு.

எதிரி எங்கள் உரிமையையே மறுக்கிறார். தடையாணை மட்டும் கேட்டால் போதுமா? – வாசகர், தேனி

பொதுவாகப் போதாது. உரிமை உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகைப் பரிகாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அனத்துலா சுதாகர் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். மூலப் பத்திரத்தையும் பாருங்கள்.

பயிற்சிக்கு வர நேரமில்லை. சான்றிதழ் மட்டும் தருவீர்களா? – மாணவர், சேலம்

தர மாட்டேன். ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரப் பயிற்சி என்று விதி வைத்தது சும்மா அல்ல. கோடை விடுமுறையில் ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது தாலுகா அலுவலகத்துக்குப் போய், மனுதாரர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அவர்கள் கொண்டுவரும் பத்திரங்களை வாங்கிப் படியுங்கள். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதலாம், சர்வே எண்ணோடு.