25 ஏற்றி 25 இறக்கினால் 50 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: பண்ருட்டியில் கிலோ 640 ரூபாய்க்கு முந்திரிப்பருப்பு வாங்கி, கடலூர் திருப்பாப்புலியூரில் 800-க்கு விற்கிறோம். தீபாவளிக்கு 25 சதவீதம் ஏற்றினோம். முடிந்ததும் அதே 25 சதவீதத்தை இறக்கினோம். ஆனால் விலை 750-தான் வருகிறது. பொங்கலுக்கு 800-லிருந்து 20 சதவீதம் தள்ளுபடி தரலாம், நமக்குக் கிடைக்கும் 25 சதவீத லாபத்தில் 20 போனாலும் 5 சதவீதம் நிற்கும் என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

பதில்: கல்லாவில் யாரும் கை வைக்கவில்லை அம்மா, சதவீதம்தான் வைத்திருக்கிறது. ஏற்றும்போது 800-க்கு 25 சதவீதம் போட்டீர்கள், அது 200 ரூபாய். இறக்கும்போது 1000-க்குப் போட்டீர்கள், அது 250. 1000-லிருந்து 800-க்குத் திரும்ப 20 சதவீதம் இறக்கினாலே போதும். எப்போதும் வித்தியாசத்தை மாற்றத்துக்கு முந்தைய விலையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள்.

பொங்கல் தள்ளுபடிதான் எனக்குக் கவலை. உங்கள் லாபம் 160 ரூபாய். கொள்முதல் விலையான 640-ல் அது 25 சதவீதம். விற்பனை விலையான 800-ல் வெறும் 20. தள்ளுபடியோ விற்பனை விலையில்தான் கழியும். 800-ல் 20 சதவீதம் என்றால் 160 ரூபாய், அதாவது உங்கள் லாபம் மொத்தமும். 640-க்கு வாங்கி 640-க்கே விற்பீர்கள். பை, எடைபோடும் பையனின் கூலி, வண்டி வாடகை எல்லாம் கைக்காசு. வீட்டுக்காரர் 25-லிருந்து 20-ஐக் கழித்தது கத்தரிக்காயிலிருந்து வெண்டைக்காயைக் கழித்த கதை!

பாக்கெட்டிலும் இதே வேடிக்கை உண்டு. விலையை மாற்றாமல் 250 கிராமை 200 ஆக்கினால் எடை 20 சதவீதம்தான் குறைகிறது, வாங்குபவருக்கோ கிலோ விலை 25 சதவீதம் ஏறிவிடுகிறது. பிஸ்கட்காரர்கள் இதைச் செய்வார்கள். தெரிந்த முகங்கள் வரும் கடையில் நீங்கள் செய்யாதீர்கள்.

10 சதவீதம் கொடுங்கள். விலை 720, கையில் 80 ரூபாய் நிற்கும். கொள்முதலில் அது 12.5 சதவீதம். அப்புறம், பலகையில் சதவீதமே வேண்டாம். ‘முழுப்பருப்பு கிலோ 720’ என்று பெரிதாக எழுதி வையுங்கள்.