கிறிஸ்தவராக ஆவியிலும் மனதிலும் சோர்ந்துபோகாமல் இருக்க, தினமும் கடைப்பிடிக்கக்கூடிய எளிய பழக்கங்கள் என்னென்ன?

நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஜெபிக்க ஆரம்பிப்பதாகவும், பத்து நாளில் அது விட்டுப்போவதாகவும், அதற்குப் பிறகு வேதத்தைத் தொடவே கூச்சமாக இருப்பதாகவும் கேள்வியோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். ஏறக்குறைய இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு குடும்ப ஜெபம் தொடங்கிவிடும், ஒரு வீட்டுக் கீர்த்தனை முடியும்போது அடுத்த வீட்டில் பல்லவி எடுப்பார்கள். அந்த மணிதான் எங்களை ஜெபிக்க வைத்தது என்பது வேலைக்காகச் சென்னைக்கு வந்து, மணி இல்லாத ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சரி, மணிக்குப் பதிலாக ஓர் அட்டவணை போட்டுக்கொண்டேன். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள், வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொடுப்பார்கள். ஆறு வருஷம் அப்படி முடித்தேன்.

ஏழாவது வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஊரிலிருந்து கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொண்டோம். பதினோரு மாதம். ராத்திரியில் மூன்று தடவை எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், காலையில் ஆபீஸ். அட்டவணையை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். டிக் அடிக்காத கட்டங்கள் கூடக்கூட, அந்தக் கதவைத் திறக்கவே மனசு வரவில்லை. எண்பது அதிகாரம் பாக்கி, நூறு அதிகாரம் பாக்கி என்று வேதமே ஒரு கடன் நோட்டு மாதிரி ஆகிவிட்டது. அம்மா இறந்துபோன பிறகு நேரம் இருந்தது, ஆனாலும் வாசிக்க முடியவில்லை. முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தையும் வராது. தெரிந்த ஒருவர், நல்ல மனுஷர்தான், "விசுவாசம் குறைஞ்சிருச்சு, உபவாசம் போடுங்க" என்றார். போட்டேன். இன்னும் மோசமானது.

அப்புறம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயர் (போதகரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) எங்களைப் பார்க்க வந்தார். ஜெபிக்க முடியவில்லை என்று அவரிடம் சொன்னேன். ஏதோ ஒரு வசனம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "தம்பி, சாப்பிடுறீங்களா? ராத்திரி தூக்கம் வருதா?" இரண்டுக்கும் இல்லை என்றேன். அப்போதுதான் 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து வாசிக்கச் சொன்னார்.

சிறுவயதிலிருந்தே தெரிந்த கதைதான். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்துக்குள் ஒரு நாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அந்த நிலையில் தேவன் அனுப்பிய தூதன் அவரை ஜெபிக்கச் சொல்லவில்லை, ஏன் ஓடிவந்தாய் என்றும் கேட்கவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்ற ஒரு வார்த்தை. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துவிடுகிறார், அதற்கும் ஒரு கண்டிப்பும் இல்லை. தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி மறுபடியும் சாப்பிட வைக்கிறார். கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தம், ஓரேப் மலை எல்லாம் அதற்கும் நாற்பது நாள் தள்ளித்தான் வருகிறது.

ஆகவே என் முதல் பழக்கம், உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும், நேரத்துக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுப்பது. நாலு மணிக்கு எழுந்தே ஆகவேண்டும் என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து தனியே ஜெபிக்கப் போனார் என்பது உண்மை, அதே மாற்குவின் நாலாம் அதிகாரத்தில் புயலடிக்கும் படகில் தலையணை வைத்துத் தூங்கினார் என்பதும் உண்மை. பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிற ஒருவருக்கு வருகிற எரிச்சலையும் அழுகையையும் ஆவிக்குரிய போராட்டம் என்று நினைத்து வருஷக்கணக்கில் வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறரைக்கு எழுந்து ஜெபியுங்கள். தேவன் கேட்பார்.

இரண்டாவது, வேதத்தின் சங்கீதப் புஸ்தகத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம். வாய்விட்டு வாசியுங்கள். இதைத்தான் அந்த ஐயர் எனக்குக் கொடுத்தார், அட்டவணையைக் கிழித்துவிடவும் சொன்னார். மூன்று அதிகாரம் வாசிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, தெம்பு இருக்கும்போது தாராளமாக வாசியுங்கள். ஆனால் பழக்கத்தின் அளவை உங்கள் மிக மோசமான நாளை வைத்து முடிவு செய்யவேண்டும். காய்ச்சலில் கிடக்கும் நாளிலும் முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் தினசரி அளவு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற ஆகாரத்தைக் கொடுத்தபோதும் தேவன் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் சேர்க்கச் சொன்னார், மறுநாளுக்கென்று எடுத்துவைத்தது பூச்சிபிடித்து நாறிப்போனது. விட்டுப்போன நாளின் பாக்கியைச் சேர்த்து வாசிக்கும் எண்ணத்தை நான் அப்படியே விட்டேன். நேற்று வாசிக்கவில்லையா, இன்றைய சங்கீதத்தைத் திறந்தால் போதும்.

ஏன் சங்கீதம் என்றால், நம் சபைகளில் யாரும் சொல்லத் துணியாததையெல்லாம் அது நமக்காகச் சொல்லிவிடுகிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது, நாலு தடவை எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று கேட்கிறது. இதைச் சாட்சி நேரத்தில் எழுந்து யாராவது சொன்னால் நாம் என்ன நினைப்போம் என்று யோசித்துப் பாருங்கள். 88-ஆம் சங்கீதம் அதைவிடக் கடினம். மற்றப் புலம்பல்கள் அநேகமாகக் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது, இருட்டிலேயே முடிகிறது. அம்மா இறந்த பிறகு நான் முதன்முதலாக அழுதது இந்த 88-ஐ வாய்விட்டு வாசித்தபோதுதான். இப்படி ஒரு ஜெபத்தையும் தேவன் தம் புஸ்தகத்தில் வைத்திருக்கிறார் என்றால் என் ஜெபத்தையும் அவர் தாங்குவார் என்று அன்றைக்குத் தோன்றியது. 42-ஐயும் சொல்லவேண்டும். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று அந்த மனிதர் தன் ஆத்துமாவிடமே பேசுகிறார். மனசு சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்காமல், மனசோடு நாமும் திரும்பப் பேசலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த சங்கீதம் அது.

வாசித்த பிறகு நீளமாக ஜெபிக்க வரவில்லையா, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொல்லுங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் நான் இன்றைக்கு வேண்டியதை மட்டும் கேட்டு நிறுத்துவேன், இன்றைய கூட்டம், இன்றைய ஸ்கூல் ஃபீஸ், இன்றைய முதுகுவலி. நாளைக்கானதை நாளை கேட்பேன்.

பகலில் பெரிதாக ஒன்றும் இல்லை. மின்சார ரயிலில் நிற்கும்போது, போனை எடுக்கிற கை சும்மா இருக்கட்டும் என்று, எரிகோ வழியில் பர்திமேயு என்ற குருடர் இயேசுவைக் கூப்பிட்டதைப் போல "எனக்கு இரங்கும்" என்று மூச்சோடு சேர்த்து மெதுவாகச் சொல்லிக்கொள்வேன். கிழக்குச் சபைகளில் இதற்கு ஒத்த ஒரு குட்டி ஜெபத்தை நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நெஞ்சு படபடக்கும்போது இது உண்மையிலேயே உதவுகிறது.

ராத்திரிப் பழக்கத்தை ஒரு கத்தோலிக்க நண்பரிடமிருந்து கற்றேன், சி.எஸ்.ஐ.காரனாகிய எனக்கு அது புதிது. இஞ்ஞாசியார் என்ற ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர் 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார்: வீரப் பிரதாபங்களைக் கற்பனை செய்யும்போது அந்த நேரத்துக்கு இனித்தது, பிறகு மனசு வறண்டது. கிறிஸ்துவைப் பற்றியும் பரிசுத்தவான்களைப் பற்றியும் யோசித்தபோது வந்த சந்தோஷமோ யோசனை முடிந்த பிறகும் தங்கியது. எது போன பிறகு என்ன தங்குகிறது என்று பார்க்கும் இந்தக் கவனம் அவர் பின்னாளில் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளுக்கு அடிப்படையானது, அவர் தொடங்கிய இயேசு சபையார் தினமும் தங்கள் நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆய்வை இன்றும் செய்கிறார்கள்.

நான் செய்வது பத்து நிமிஷம். விளக்கை அணைத்துவிட்டு, முதலில் அன்றைக்கு நன்றி சொல்ல ஏதாவது ஒன்று, சின்னதாக இருந்தாலும் குறிப்பாக இருக்கவேண்டும் ("எல்லா நன்மைக்கும் ஸ்தோத்திரம்" என்பது எனக்கு உதவவில்லை, "மத்தியானம் பக்கத்து மேஜைக்காரர் எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தார்" என்பது உதவியது). வெளிச்சம் தாரும் என்று கேட்டுவிட்டு, காலையிலிருந்து நாளை மெதுவாக நடந்து பார்ப்பேன். எங்கே மனசு லேசானது, எங்கே கனத்தது, யாரிடம் கடிந்து பேசினேன். தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரே ஒரு காரியத்தை ஒப்புக்கொடுத்து, பரமண்டல ஜெபத்தோடு முடித்துவிடுவேன். இரண்டு மாதம் இப்படிச் செய்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு யூடியூபில் கடைசிக்காலச் செய்திகளைக் கேட்ட நாட்களில் எல்லாம் எனக்குப் பயமும் தூக்கமின்மையும்தான் மிச்சம். பிரசங்கம்தானே, கேட்டால் நல்லதுதானே என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஒன்பது மணிக்கு மேல் போன் கூடத்திலேயே இருக்கும், வேதமும் பெரிய எழுத்து அச்சுப் புத்தகம்தான்.

இன்னொன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் அதில் ஒருவர் பெயரை எழுதி அவருக்காக ஜெபித்துவிட்டு, முடிந்தால் அன்றைக்கே ஒரு போன் செய்வேன். எலியா "நான் ஒருவன் மாத்திரம் மீதி" என்று இரண்டு தடவை சொல்கிறார், ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கர்த்தர் பதில் சொல்கிறார், கூடவே துணைக்கு எலிசாவையும் கொடுக்கிறார். சோர்வு நம்மைத் தனியாக்கும், தனிமை சோர்வைக் கூட்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும், அம்மா இறந்த வருஷம் யார் போன் செய்தாலும் நான் எடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு, பாட மனசில்லாவிட்டாலும், போய் உட்காருங்கள். நம்மால் பாட முடியாத நாளில் பக்கத்தில் இருப்பவர்கள் நமக்காகப் பாடுகிறார்கள். கமிட்டி, ஞாயிறுபள்ளி, பாடகர் குழு என்று ஞாயிறு முழுவதும் ஓடுகிறவராக இருந்தால் அதில் ஒன்றைக் கொஞ்ச நாள் விடுங்கள். ஓய்வுநாள் என்ற பேர் சும்மா வரவில்லை.

கடைசியாக இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். இந்தப் பழக்கங்கள் எல்லாம் இருந்தும் என் காலை நேரக் கனம் குறையவில்லை. அந்த ஐயர்தான் டாக்டரிடம் போகச் சொன்னார், ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், குணமானேன். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பவுலோடு கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் மிஷனரி ஊழியத்தில் பிறந்ததுதான், பாகாயத்தில் அவர்களுக்கு மனநல மையமே இருக்கிறது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். எலியாவைப் போல, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

இன்றைக்கே தொடங்குவதென்றால் 13-ஆம் சங்கீதம். ஆறே வசனம், ஒரு நிமிஷம்கூட ஆகாது. அலாரத்தை ஆறரை மணிக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் பெயர் தெரியாததால் என் நோட்டில் இன்றைய தேதிக்கு நேராக "நாலு மணிக்கு எழுகிறவர்" என்று எழுதியிருக்கிறேன்.