கச்சான் எரித்த கணக்கு

கேள்வி: மாஸ்டர், என் எடை 60 கிலோ. அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பின்னேரங்களில் இரணைமடுக் குளக்கட்டில் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். 5 கிலோமீற்றருக்கு 410 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது. அதை நம்பி வரும் வழியில் ஒரு ரோல்ஸ் சாப்பிடலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: ஆசைக்குச் சாப்பிடுங்கள் தங்கச்சி, கடிகாரம் சொன்னதென்று சாப்பிடாதீர்கள். அது தோலுக்குள் பச்சை வெளிச்சம் அடித்து நாடியை எண்ணுகிறது, கை ஆட்டத்தைப் பார்க்கிறது, நீங்கள் கொடுத்த வயதையும் எடையையும் சேர்த்து ஒரு குத்துமதிப்புப் போடுகிறது. எங்கள் சித்திரை வெயிலில் சும்மா நின்றாலே நாடி ஏறும். உடலைக் குளிரவைக்க இரத்தம் தோலுக்கு ஓட வேண்டும், வியர்த்து நீர் குறையக் குறைய இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். அதையும் கடிகாரம் நடையின் கணக்கில் எழுதிவிடும்.

சும்மா இருக்கும் உடல் மணித்தியாலத்துக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவழிக்கும் (கலோரி என்று பேச்சில் சொல்வதும் இதைத்தான்). உங்கள் வேகத்தில் நடந்தால் அதைப்போல மூன்றரை மடங்கு. ஆக 210. அதிலும் 60, வீட்டில் கதிரையில் இருந்திருந்தாலும் போயிருக்கும். நடையின் சம்பாத்தியம் 150தான். ரோல்ஸ் குடித்த எண்ணெய் 10 கிராம் என்று வைத்தால் அதுவே 90. மாவும் கிழங்கும் மீனும் வேறு.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பம்தான் ஒரு கிலோகலோரி. மீளக்குடியேறிய புதிதில், தகரக் கூரைக்குக் கீழ் சுவர் இல்லாத வகுப்பில் இதைக் காட்ட ஒரு கச்சான் பருப்பை ஊசியில் குத்திக் கொளுத்தினேன். மேலே பால்ரின்னில் 100 மில்லிலீற்றர் தண்ணீர். அரைக் கிராம் கச்சானுக்கு 28 பாகை ஏற வேண்டும். ஏறியது 9. “மிச்சம் எங்கே சேர்?” என்று முன்வாங்கில் இருந்தவன் கேட்டான். மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

மனிதரை அளப்பதிலும் இதே தொல்லைதான், வெப்பம் தப்பிவிடும். 1890களில் அமெரிக்காவில் அற்வாட்டர் என்பவர் செம்புத் தகடு போட்ட அடைத்த அறைக்குள் ஆளை நாட்கணக்கில் இருத்தி, குழாயில் ஓடும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். உள்ளே போகும் ஒட்சிசனை அளந்தும் கணக்கிடலாம்: ஒரு லீற்றர் ஒட்சிசனுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி. பிஸ்கட் பெட்டியில் இருக்கும் கணக்கும் அற்வாட்டர் வழி வந்ததுதான். மாப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9.

அறைக்குள் அடைபட்டவர் வயலில் மண்வெட்டி பிடிக்க முடியாதே! அதற்கும் வழி உண்டு. கனமான ஐதரசனும் கனமான ஒட்சிசனும் கொண்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஓரிரு கிழமை சிறுநீரைச் சோதிப்பார்கள். ஐதரசன் நீராக மட்டும் வெளியேறும். ஒட்சிசன் நீரிலும் போகும், மூச்சுவிடும் காபனீரொட்சைட்டிலும் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூச்சின் கணக்கைத் தரும், அதிலிருந்து எரிந்த கணக்கு வரும். ஆள் தன்பாட்டில் களை பிடுங்கலாம், சந்தைக்குப் போகலாம். எனக்குப் பிடித்த அளவை இதுதான். விலைதான் கட்டுப்படியாகாது.

கேள்வி: குளிர்ந்த தண்ணீர் குடித்தால் உடல் அதைச் சூடாக்க வேண்டும், அதனால் மெலியலாம் என்கிறான் தம்பி. உண்மையா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: கணக்குப் பிழையில்லை, தொகைதான் சின்னது. 4 பாகைக் குளிர்நீர் அரை லீற்றர் குடித்தால், அதை 37 பாகைக்குக் கொண்டுவர 16 கிலோகலோரி அளவில் வேண்டும். ஒரு தேக்கரண்டி சீனி. தம்பி பிளேன்ரீக்கு எத்தனை கரண்டி போடுகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.