புஷ் இறக்கும்போது வாய் நசுங்குவது ஏன்? தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறைகளுக்கான கேள்வி பதில்

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிட்டர்மார், வார்ப்பு வெண்கலப் புஷ்களை, அதாவது ஷாஃப்ட் சுழல்வதற்காக ஹவுசிங் என்னும் கூட்டின் துளையில் இறுக்கும் குழாய் வடிவத் தாங்கிகளை, பொருத்துவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, ரோலர், டிரையர் பழுதுபார்ப்பில் நீண்ட காலம் இருந்த ஒரு போர்மன் பதில் அளிக்கிறார்.

ஹட்டன்: ஐயா, ரோலரின் கிராங்க் ஹவுசிங்கில் புதிய கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் இறக்கும்போது, பாதி தூரம் போனதும் மேல்வாய் வெளியே விரிந்து, அதற்குமேல் இறங்க மறுக்கிறது. கன்மெட்டல் மெதுவான உலோகம் என்பதுதான் காரணமா?

உலோகத்தின் மேல் பழி போட வேண்டாம். கன்மெட்டல் இரும்பைவிட மெதுவானதுதான். ஆனாலும், ஒழுங்காக அழுத்தினால் அந்த இறுக்கத்தைத் தாங்கும் வலு அதற்கு உண்டு. சுத்தியலால் நேரே அடித்தாலும், கைக்குக் கிடைத்த தட்டை இரும்பை வைத்து அடித்தாலும், விசை வாயின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் விழுகிறது. அந்தச் சிறு இடம் தாங்க முடியாமல் வெளியே பிதுங்குகிறது. பிதுங்கிய விளிம்பு துளையைவிடப் பெரிதாகிவிடுவதால், அடுத்த அடி புஷ்ஷை இறக்காமல் விளிம்பை மேலும் விரிக்கிறது.

இதற்கு லேத்தில் படி வைத்துக் கடைந்த ஒரு மேன்ட்ரல், அதாவது புஷ்ஷை நேராகத் தள்ளும் உருளைக் கட்டை, வேண்டும். அதன் கீழ்ப்பகுதி, புஷ்ஷின் உள்துளைக்குள் ஆட்டமில்லாமல் கையால் நுழையும் அளவில் இருக்க வேண்டும். மேல் தோள், புஷ்ஷின் வெளி விட்டத்தைவிட அரை மில்லிமீற்றர் சிறியதாக இருக்க வேண்டும். தோள் பெரிதாக இருந்தால் கடைசியில் ஹவுசிங்கில் மோதும், மிகச் சிறிதாக இருந்தால் வாயின் உள்விளிம்பை மட்டும் நசுக்கும். தோளின் முகம் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இருப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. அதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. தோளின் முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, புஷ்ஷின் வாயில் வைத்துக் கையால் அழுத்திச் சற்றே திருப்பி எடுங்கள். வாயில் முழு வளையமாக மை பட்டிருந்தால் வேலையைத் தொடங்கலாம். பிறை வடிவில் மட்டும் பட்டிருந்தால், மேன்ட்ரலின் முகமோ புஷ்ஷின் முகமோ சாய்வாக இருக்கிறது, அதை லேத்தில் ஏற்றித் திருத்தும் வரை பிரஸ்ஸின் (அழுத்தும் இயந்திரத்தின்) பக்கமே போக வேண்டாம்.

மஸ்கெலியா: புஷ்ஷின் கீழ்முனையில் சரிவு கடைய வேண்டுமா? எங்கள் லேத் பாஸ் அது தேவையில்லை என்கிறார்.

தேவை. மேல்வாய் நசுங்குவதற்கு, கீழ்முனை நேராக நுழையாதது பல தடவை காரணமாக இருக்கும். கீழ்முனையில் 15 முதல் 20 பாகை வரையான சரிவை ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீற்றர் நீளத்துக்குக் கடைந்தால், புஷ் தானாகவே துளையின் நடுவைத் தேடிக்கொள்ளும். ஹவுசிங்கின் வாயையும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரோலர்களில் முன்பு யாரோ அடித்த அடியால் எழும்பிய பிசிறு அங்கே நிற்கும்; அரைவட்ட அரத்தாலும் எமரித் தாளாலும் அதை எடுத்துவிட்டு, தூளை மண்ணெண்ணெயால் கழுவிய பின்னரே மெல்லிய எண்ணெய் பூசி இறக்க வேண்டும்.

தலவாக்கலை: வெளி விட்டம் துளையைவிட எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும்? இறக்கிய பிறகு ஷாஃப்ட் உள்ளே போகவில்லை.

50 மில்லிமீற்றர் வெளி விட்டமுள்ள புஷ்ஷுக்கு 0.03 முதல் 0.05 மில்லிமீற்றர் வரை கூடுதலாக இருந்தால் போதும். "இறுக்கமாக இருந்தால் கழலாது" என்று நினைத்து 0.1 வரை விடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய புஷ்களில்தான் வாய் நசுங்குகிறது, ஏனென்றால் அந்த அளவு இறுக்கத்துக்குத் தேவைப்படும் விசை மெல்லிய சுவர் தாங்கும் விசையைவிட அதிகம்.

ஷாஃப்ட் நுழையாததற்குக் காரணம் வேறு. வெளியே இறுகிய புஷ் உள்ளே சுருங்குகிறது. சுவர் மெல்லியதாகவும் ஹவுசிங் கனமாகவும் இருந்தால், வெளியில் விட்ட கூடுதல் அளவில் பெரும்பகுதி உள்துளையில் குறைந்துவிடும். ஆகவே உள்துளையை முன்கூட்டியே முடித்த அளவுக்குக் கடையாமல், சிறிது உலோகம் விட்டு இறக்கி, பின்னர் ரீமரால் (துளையைச் சரியளவுக்குச் சீவும் கருவியால்) எடுக்க வேண்டும். ஷாஃப்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 40 மில்லிமீற்றர் ஷாஃப்டுக்குச் சுமார் 0.04 மில்லிமீற்றர் இடைவெளி விடுவது பழைய கணக்கு. மெதுவாகச் சுழலும் கிராங்குக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக விட்டாலும் குறையில்லை. அளக்கும்போது மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகவும் அளந்து பாருங்கள். மேலே மட்டும் அளவு குறைந்தால், வாய் உள்பக்கமாக நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பொகவந்தலாவை: எங்கள் ஸ்டோரில் பிரஸ் இல்லை. ஹவுசிங்கைக் கழற்றி ஹட்டனுக்கு அனுப்பினால் கொழுந்து தேங்கிவிடும். சுத்தியலைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு, ஹவுசிங்கின் துளை இரண்டு பக்கமும் திறந்திருந்தால், பிரஸ்ஸைவிட இதையே நான் விரும்புவேன். 16 மில்லிமீற்றர் திரெட் ரொட் ஒன்றும், இரண்டு நட்டுகளும், கனமான வாஷர்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மேன்ட்ரலின் நடுவே ரொட் நுழைய ஒரு துளை போட்டு, ரொட்டை ஹவுசிங்கின் ஊடாக விட்டு, மறுபக்கத்தில் புஷ் வெளிவர இடமுள்ள ஒரு குழாய்த் துண்டையும் அதன்மேல் தடித்த வாஷரையும் வைத்து நட்டை முடுக்குங்கள். திரெட்டில் கிரீஸ் பூசாவிட்டால் உங்கள் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். விசை ரொட்டின் நேர்கோட்டில் இழுப்பதால் புஷ் சாய்வதற்கு இடம் குறைவு. ஸ்பானரின் ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கம் கைக்குத் தெரியும். ஒரே சீராக வந்துகொண்டிருந்த இறுக்கம் திடீரென்று கூடினால், அங்கேயே நிறுத்திச் சுற்றிலும் வெளியே நிற்கும் உயரத்தை வேர்னியரால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால், பலம் கொடுக்காமல் திரும்ப வெளியே எடுத்து மீண்டும் தொடங்குங்கள். இறக்கும் முன், எண்ணெய்த் துளைக்கு நேரே புஷ்ஷிலும் ஹவுசிங்கிலும் ஒரு கோடு கீறிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

நுவரெலியா: இங்குள்ள குளிரே போதாதா? புஷ்ஷை பிரிட்ஜில் வைத்துச் சுருக்க முடியுமா?

ஊர்க் குளிர் உதவாது, ஏனெனில் ஹவுசிங்கும் அதே குளிரில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வேண்டும். 16 பாகை செல்சியஸில் இருக்கும் 50 மில்லிமீற்றர் வெண்கலப் புஷ்ஷை, பிரிட்ஜின் உறைபெட்டியில் மறை 18 பாகை வரை குளிர வைத்தால், விட்டம் சுமார் 0.03 மில்லிமீற்றர் சுருங்கும். வார்ப்பிரும்பு ஹவுசிங்கை 80 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.04 மில்லிமீற்றர் விரியும். இரண்டையும் சேர்த்துச் செய்தால், சரியான அளவில் கடைந்த புஷ் கையாலேயே இறங்கும். நசுங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தொட்ட கணத்திலேயே புஷ் சூட்டை வாங்கத் தொடங்குவதால், பாதியில் நின்று யோசிக்க அவகாசம் இராது. மேற்பரப்பில் படியும் பனியீரத்தைத் துணியால் துடைத்துவிட்டு இறக்குங்கள். ஹவுசிங்கின் ஒரே இடத்தில் தீயைக் காட்டாமல் சுற்றிவரச் சூடாக்குங்கள்.

பண்டாரவளை: பழைய புஷ்களையும் பித்தளைக் குழாய்த் துண்டுகளையும் உருக்கி வார்க்கிறோம். சில புஷ்கள் நன்றாக இறங்குகின்றன, சில உடனே நசுங்குகின்றன.

எது கலந்தது என்று தெரியாத வார்ப்பில் இப்படித்தான் நடக்கும். கன்மெட்டல் என்பது 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு நாகம் (துத்தநாகம்) சேர்ந்தது. பித்தளைத் துண்டுகள் சேரச் சேர வெள்ளீயம் குறைந்து நாகம் கூடுகிறது. தேய்மானம் தாங்கும் குணமும் போய்விடுகிறது. கிராங்குக்கு வார்ப்பதென்றால் பித்தளையைத் தனியே ஒதுக்குங்கள். கடையும்போது முகத்தில் ஊசித் துளைகள் தெரிந்தால் அந்தப் புஷ்ஷை இறக்கவே வேண்டாம், வாய் அந்தத் துளைகளில்தான் முதலில் உடையும். நாகப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்பதால், உருக்குவதைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஹப்புத்தளை: பழைய எஞ்சினில் வைட் மெட்டல் (வெள்ளீயக் கலவை) பேரிங் இருக்கிறது. அதையும் இப்படி அழுத்தி இறக்கலாமா?

கூடாது. அது அழுத்தி இறக்கும் பொருளல்ல, பேரிங்கின் ஓட்டுக்குள் வார்த்து ஒட்ட வைக்கும் பொருள். வெள்ளீயம் 89, அன்டிமனி 7.5, செம்பு 3.5 என்ற பொதுவான கலவை சுமார் 240 பாகையிலேயே இளகத் தொடங்கும். அத்தனை மெதுவானதன் மேல் சுத்தியல் படவே கூடாது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மழைக்காலத்தில் ஓட்டையும் கரண்டியையும் நன்றாகச் சூடுகாட்டி உலர்த்திய பிறகே வார்க்க வேண்டும், ஒரு துளி ஈரம் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்க வைக்கும்.

கொட்டகலை: பாதியில் நின்று வாய் விரிந்துபோன புஷ்ஷைக் காப்பாற்ற முடியுமா?

மேலே இருந்து மீண்டும் அடிக்காமல், மறுபக்கத்திலிருந்து மேன்ட்ரல் வைத்து வெளியே தள்ளுங்கள். நசுங்கியது விளிம்பில் இரண்டு மில்லிமீற்றருக்குள் மட்டும்தான் என்றால், நீளம் இடம் கொடுக்குமானால், அந்தப் பகுதியை லேத்தில் வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். தள்ளியும் வராவிட்டால், ஹேக்சா பிளேட்டை உள்துளைக்குள் விட்டு நீளவாக்கில் ஒரு வெட்டுப் போடுங்கள். ஹவுசிங்கின் சுவரைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தினால், மிச்சமிருக்கும் மெல்லிய தோலைச் சிறு உளியால் உள்ளே மடக்கி எடுத்துவிடலாம்.