சிறுமியின் பெயர் எங்கே எழுதப்படும்? கருக்கலைப்பு, குழந்தைகளின் சிகிச்சை பற்றிய சட்டக் கேள்விகள்

அக்கா மகளுக்கு 16 வயது, எட்டு வாரக் கர்ப்பம். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

தயவுசெய்து செய்யாதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் பயனில்லை, உயிருக்கே ஆபத்து. அது டாக்டர் பரிசோதித்தால்தான் தெரியும்.

உங்கள் பயம் புரிகிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால், விரும்பி உறவு கொண்டிருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அது குற்றம். தகவல் தெரிந்த டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. அதனாலேயே பல டாக்டர்கள் கை வைக்கத் தயங்குகிறார்கள், குடும்பங்கள் ஒளிந்து ஒளிந்து தப்பான இடத்துக்குப் போகின்றன.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று ஒரு வழி சொன்னது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையோ அடையாளத்தையோ டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வழக்கு நடந்தாலும் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றமும், விருப்ப உறவில் உண்டான கர்ப்பங்களில் பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்றது. ஆனால் நீங்கள் கேட்டால்தான் இது நடக்கும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தகவல் போலீசுக்குப் போகத்தான் செய்யும், பெயர் மட்டும் போகாது.

ஒன்று மட்டும் அவளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: யாராவது மிரட்டினார்களா, வீட்டு ஆளா? அப்படியென்றால் மறைக்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பேத்தி என்னோடுதான் வளர்கிறாள், பெற்றோர் வெளிநாட்டில். கருக்கலைப்புக்குக் கையெழுத்து நான் போடலாமா? அவள் வேண்டாம் என்றால்?
– ஒரு பாட்டி, நாகப்பட்டினம்

போடலாம் அம்மா. பிள்ளையைப் பராமரிப்பவர்தான் கருக்கலைப்புச் சட்டத்தில் பாதுகாவலர். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். அதற்கு மேல், சிறுமிகளுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலை.

உங்கள் கையெழுத்தை வைத்து அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. 2024-ல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், சிறுமியின் எண்ணமும் பெரியவர்களின் எண்ணமும் வேறுபட்டால் அவள் சொல்வதற்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமா?
– வாசகி, ஆவடி

வேண்டாம். 18 நிரம்பிய பெண்ணுக்கு, மனநோய் இல்லாத பட்சத்தில், அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். அவளுக்காக வேறு யார் கையெழுத்தைக் கேட்டாலும் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

மாதாமாதம் கருக்கலைப்புக் கணக்கு அரசுக்குப் போகிறதே, அதில் பெயர் இருக்குமா?
– நர்சிங் மாணவி, சேலம்

இருக்காது. மாத அறிக்கையில் எண்ணிக்கைதான்: எத்தனை பேர், எத்தனை வாரம், என்ன காரணம். பதிவேடுகளில் பெயர் இருப்பது சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும். அது ரகசிய ஆவணம், மருத்துவமனைத் தலைவரின் பொறுப்பில் ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டிலும் ஆபரேஷன் தியேட்டர் பதிவிலும் வரிசை எண்ணைத்தான் எழுத வேண்டும். வார்டில் வேலைக்குப் போகும்போது இதை மறக்காதீர்கள். விவரத்தை வெளியே சொன்ன டாக்டருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு.

பிறந்த குழந்தையின் உறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். "சீக்கிரம் ஆபரேஷன் செய்து ஒரு பக்கம் ஆக்கிவிடுங்கள்" என்கிறார் மாமனார்.
– ஒரு தந்தை, விருதுநகர்

தமிழ்நாட்டில் அதற்குத் தடை உள்ளது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பை ஒட்டி, அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. இப்படிப் பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை முடிவுசெய்யும் அறுவை சிகிச்சை கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. இந்தியாவில் முதலில் செய்தது நம் மாநிலம், எனக்கு இதில் உண்மையான பெருமை.

ஊர் என்ன சொல்லும் என்பது அவசரக் காரணம் ஆகாது. அந்த உடம்போடு வாழப்போவது குழந்தை, வளர்ந்து அதுவே முடிவுசெய்யட்டும். ஆனால் சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டுக்குத் தூக்கிப் போய்விடாதீர்கள். சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பியில் கோளாறு இருந்தால், பிறந்த சில வாரங்களிலேயே உடலில் உப்புச்சத்து குறைந்து உயிர் போகலாம். இந்த வாரமே குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்குத் தடை கிடையாது.