கீர்கேகார்ட் பேரைச் சொல்லி வேலைய விடச் சொன்னா விட்டுடலாமா?

கேள்வி: எங்க ஜெபக்குழு லீடர், "ஆபிரகாம் மாதிரி கேள்வி கேக்காம குதிக்கணும், கீர்கேகார்டும் கார்ல் பார்த்தும் இதைத்தான் சொன்னாங்க, வேலைய விட்டுட்டு ஃபீஸ் கட்டி எங்க ஊழியப் பயிற்சிக்கு வா"ங்குறார். இறையியல் அப்படித்தான் சொல்லுதா?

பதில்: இல்ல. ரிசைன் பண்ணிடாதீங்க.

கீர்கேகார்ட் 19ம் நூற்றாண்டு டென்மார்க் தத்துவ எழுத்தாளர். மகனையே பலி குடுக்கப் போன ஆபிரகாமைப் பத்தின அவரோட 'அச்சமும் நடுக்கமும்' புத்தகம் 1843ல கோபன்ஹேகன்ல வந்தப்போ அட்டையில கீர்கேகார்ட் பேரே இல்ல, யோஹான்னஸ் தெ சிலென்சியோன்னு ஒரு புனைபெயர். புத்தகத்துல பேசுற அந்தப் புனைபெயர் ஆளே ஆபிரகாமை என்னால புரிஞ்சுக்க முடியல, அந்த விசுவாசம் எனக்கில்லன்னுதான் எழுதுறான். 1846ல கீர்கேகார்ட் தெளிவா கேட்டுக்கிட்டார், புனைபெயர் புத்தகத்துல இருந்து எடுத்தா அந்தப் பேரையே போடுங்கன்னு. யாரு கேக்குறா, வாட்ஸ்அப்ல சுத்துற அத்தனைக்கும் கீழ இவர் பேருதான். அதுக்காக எல்லாமே புனைபெயர்னும் நெனச்சுடாதீங்க, ஆபிரகாம் புத்தகம் வந்த அதே அக்டோபர் 16ம் தேதியே சொந்தப் பேர்ல மூணு தியான உரையும் வெளியிட்டார், 1847ல அன்பைப் பத்தி எழுதின பெரிய புத்தகமும் சொந்தப் பேர்லதான், அதையெல்லாம் நேரா அவர் வாக்காவே எடுத்துக்கலாம். பிறனை நேசின்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கார், அதை யாரும் பிரசங்கத்துல தொடுறதே இல்லங்கறதுதான் எனக்கு வேதனை.

கார்ல் பார்த், 20ம் நூற்றாண்டு சுவிஸ் இறையியலாளர், கீர்கேகார்ட்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது வேற. 1914ல ஜெர்மன் அறிஞர்கள் 93 பேர் போரை ஆதரிச்சு கையெழுத்து போட்டதுல அவரோட இறையியல் வாத்தியார்களும் இருந்தாங்க, அதுல நொறுங்கிப் போனவர் 1922ல, பைபிள்ல இருக்குற ரோமர் நிருபத்துக்கு எழுதின விளக்கவுரையோட ரெண்டாம் பதிப்புல கீர்கேகார்டைப் பிடிச்சுக்கிட்டார்: கடவுளுக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு முடிவே இல்ல, "தேவன் வானத்திலிருக்கிறார், நீ பூமியிலிருக்கிறாய்", பிரசங்கி 5:2. அப்படிப் பார்த்தா என் வாய்ல வர்றது தேவ சித்தம்னு எந்த லீடரும் உரிமை கொண்டாட முடியாது. அப்புறம் 1963ல கோபன்ஹேகன்லயே பேசும்போது, கீர்கேகார்ட்கிட்ட எல்லா இறையியலாளரும் ஒருதடவை படிச்சே ஆகணும், ஆனா அங்கயே தங்கிடக்கூடாதுன்னும் சொல்லிட்டார்.

இதை ஒழுங்கா சொல்லிக் குடுக்க வேண்டிய இறையியல் கல்லூரிகள்ல "இருத்தலியத்தின் தந்தை யார்"னு (தனி மனுஷனோட இருப்பையும் தேர்வையும் பேசுற தத்துவம் அது, பதில் கீர்கேகார்ட்) ஒரு மார்க் கேள்வியோட முடிச்சுடுறாங்க, எத்தனை தடவை சொன்னாலும் சிலபஸ் மாறல, அந்த ஓட்டைக்குள்ளதான் மூணு மாசத்துல டாக்டர் பட்டம்னு ஏஜென்ட்டுங்க புகுந்துடுறாங்க.

சாகக் கிடந்தப்போ கூட, சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் பாக்குற போதகர் கையால நற்கருணை வேணாம்னவர் கீர்கேகார்ட். உங்க லீடர்கிட்ட எந்தப் புத்தகம், எந்தப் பேர்ல வந்ததுன்னு கேளுங்க. பட்டம் தர்றோம்னா செராம்பூர் செனட் (இந்தியாவுல இறையியல் பட்டங்களை அங்கீகரிக்கிற அமைப்பு) அங்கீகாரம் இருக்கா, ஃபீஸ் யார் அக்கவுண்ட்டுக்குப் போகுதுன்னும் கேளுங்க, பதிலை எழுத்துல வாங்காம ஒரு பைசா கட்டாதீங்க.